உறைபனி தந்த கோடை ஒயின்

1709 ஜனவரி 5ஆம் தேதி இரவு பிரான்ஸைக் குளிர் பிடித்தது. ஆறுகள் உறைந்தன, கரையோரக் கடல்நீரும் உறைந்தது. நிலவறைப் பீப்பாய்களில் ஒயின் கட்டியானது. மரங்கள் வெடித்துப் பிளந்தன. விதைத்திருந்த கோதுமை மண்ணுக்குள்ளேயே செத்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்றும் மாபெரும் குளிர்காலம் என்றே சொல்கிறார்கள். லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நாந்த் நகரைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலான கொடிகள் அந்தக் குளிரில் பட்டுப்போயின.

இன்று அதே கடற்கரையில், ஜூலை மாத வெயிலில், சுட்ட மத்தி மீனுக்குத் துணையாகச் சில்லென்று ஊற்றித் தருகிறார்களே மஸ்கடே என்ற வெள்ளை ஒயின், அது பட்டுப்போன அந்தத் தோட்டங்களில் எழுந்தது. கோடைக்கு ஒயின் என்றால் ப்ரொவான்ஸின் ரோஸே ஒயினைத்தான் எல்லோரும் கைகாட்டுகிறார்கள். பிரான்ஸுக்கு வெளியே மஸ்கடேயைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களிலும் பலர் அதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அப்படி ஒதுக்க மனம் வராது என்பது என் எண்ணம்.

மஸ்கடேக்குரிய திராட்சை நாந்த் மண்ணுக்குச் சொந்தமானது அல்ல. மெலோன் என்ற அந்த ரகம் பிரான்ஸின் கிழக்கே பர்கண்டியிலிருந்து வந்தது. பிறந்த ஊரில் அதற்கு மதிப்பில்லை. அதைப் பயிரிடக் கூடாது என்று அங்கே தடை போட்டதும் உண்டு. பினோ, சார்தொனே போன்ற உயர்குலத் திராட்சைகளின் நாட்டில் மணமும் பகட்டும் இல்லாத மெலோனுக்கு ஏது இடம்? ஆனால் 1999இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அழகான ஓர் உண்மையைச் சொன்னது. மெலோனும் சார்தொனேயும் உடன்பிறப்புகள். தாய் தந்தை இருவருக்கும் ஒன்றே: ஒன்று பினோ, மற்றொன்று குவே பிளாங் என்ற எளிய நாட்டுத் திராட்சை.

குளிர்காலம் முடிந்து மறுநடவு தொடங்கியபோது மெலோனின் மூன்று குணங்கள் அதற்குக் கைகொடுத்தன. கடுங்குளிரைத் தாங்கும். சீக்கிரம் பழுக்கும். நிறைய காய்க்கும். மெலோன் அதற்கு முன்பே அங்கே கொஞ்சம் இருந்ததுதான். 1709க்குப் பிறகே அது அந்த மண்ணை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது.

இதில் டச்சு வணிகர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நாந்த் துறைமுகத்தில் குடியேறி வியாபாரம் செய்த அவர்களுக்கு வேண்டியிருந்தது நல்ல ஒயின் அல்ல, காய்ச்சி வடிக்க ஏற்ற ஒயின். நெடுந்தூரக் கப்பலில் ஒயின் கெட்டுப்போகும். வடித்த பிராந்தி கெடாது, இடத்தையும் அடைக்காது. அதற்குப் புளிப்பான, மணம் குறைந்த, விலை மலிந்த வெள்ளை ஒயின் போதும். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஆன்ஜு பகுதி ஒயினுக்கு ஆன்கிராந்த் சுங்கத்தில் வரி கட்ட வேண்டியிருந்தது. நாந்த்தின் ஒயினோ சுங்கத்துக்குக் கடல் பக்கமாகவே விளைந்தது, அதற்கு அந்த வரி இல்லை. ஆகவே சிவப்புத் திராட்சை போய் வெள்ளை வந்தது. மெலோனும், வடிப்பதற்கென்றே வளர்த்த ஃபோல் பிளாஞ்ச் என்ற ரகமும் பரவின.

இதுவரை பிறந்தது பயிர். நாம் குடிக்கும் ஒயின் பிறந்தது மண்டியில்.

திராட்சைச் சாறு நொதித்து முடிந்ததும், வேலையை முடித்த ஈஸ்ட் செத்து அடியில் சேறுபோலத் தங்கும். தெளிந்த ஒயினை மேலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றி அந்த மண்டியைக் கொட்டிவிடுவதே பொதுவான வழக்கம். நாந்த் பக்கத்து விவசாயிகளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அந்த ஆண்டில் நன்றாக வந்த ஒரு பீப்பாயை வீட்டுக் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிவைப்பார்கள். விசேஷம் வரும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள்; மண்டியோடு அப்படியே கிடக்கும். திறந்து பார்த்தால் மற்ற பீப்பாய்களைவிட அதுதான் புத்துணர்ச்சியோடு இருக்கும் என்று அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

காரணம் புரியக்கூடியதே. செத்த ஈஸ்ட் மெதுவாகச் சிதையும்போது அதன் உள்ளிருப்பு ஒயினில் கரைந்து, மெலிந்த சாற்றுக்கு ஒரு திண்மையைத் தருகிறது. நொதித்தலில் உண்டான கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் கொஞ்சம் தங்கிவிடுகிறது. நாக்கில் லேசாகக் குறுகுறுப்பது அதுதான். மண்டி ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் பழுப்பேறுவதில்லை. சொந்தமாகப் பெரிய மணம் இல்லாத மெலோனுக்கு இவை எல்லாம் வரமாக அமைந்தன. சுவை தெரிந்தவர்கள் குறையென்று கண்ட வெறுமைதான் மண்டியின் சுவைக்கு இடம் விட்டது. சூர் லீ என்று போத்தலில் அச்சிட்டிருந்தால் மண்டியின் மேல் இருந்த ஒயின் என்று பொருள். அதற்குச் சட்டமே இருக்கிறது: ஒரு குளிர்காலம் முழுவதும் மண்டியோடு கிடக்க வேண்டும்; மார்ச் 1ஆம் தேதிக்கு முன் போத்தலில் அடைக்கக் கூடாது. பல தோட்டங்களில் இந்த ஒயின் மரப்பீப்பாயில் இருப்பதில்லை, தரைக்கடியில் கட்டிய, உள்ளே கண்ணாடி ஓடு பதித்த கான்கிரீட் தொட்டிகளில்தான் உறங்குகிறது. மரத்தின் வாசனை ஏறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1936இல் செவ்ர், மேன் ஆறுகள் பாயும் பகுதிக்குப் பிரெஞ்சு அரசின் தோற்றச் சான்று கிடைத்தது. பிறகு வந்த புகழே மஸ்கடேயைக் கெடுத்தது. அளவுக்கு மீறி விளைவித்து, தண்ணீர் போன்ற ஒயினை ஏற்றுமதி செய்து பெயரைக் கரைத்துக்கொண்டார்கள். 1991 ஏப்ரலில் மறுபடியும் உறைபனி. நடுக்குளிரைத் தாங்கும் மெலோன் சீக்கிரமே துளிர்விடும் கொடி. வசந்தத்தில் திடீரென்று பனி விழுந்தால் அந்தத் துளிர் கருகும். குளிரால் வாழ்வு பெற்ற பயிர் குளிருக்கே பயந்து ஏப்ரலைக் கழிக்கிறது. இந்த அச்சத்துக்கு நடுவில் விளைச்சலைக் குறைத்து, மண் பார்த்துப் பிரித்து, பொறுமையாக ஒயின் செய்யும் சிலர் அங்கே இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவர்களுடைய உழைப்பால் 2011இல் கிளிசோன், கோர்ஜ், ல பாலே என்ற மூன்று ஊர்ப்பெயர்களுக்குத் தனி மரியாதை கிடைத்தது. கிளிசோனில் கருங்கல் மண், கோர்ஜில் காப்ரோ என்ற கரும்பாறை. இவ்விரண்டு ஊர் ஒயினும் மண்டியோடு குறைந்தது 24 மாதம் இருக்க வேண்டும்.

குடிப்பவர்களுக்குச் சில சொற்கள். பெயரைப் பார்த்து மஸ்கட் திராட்சையின் இனிப்பை எதிர்பார்க்க வேண்டாம். இதில் இனிப்பு கிடையாது. எலுமிச்சைத் தோலின் வாசம், பச்சை ஆப்பிளின் புளிப்பு, முடிவில் மெல்லிய உப்புத்தன்மை. ஆல்கஹால் ஏறக்குறைய 12 சதவீதம்தான், ஆகவே வெயில் நேரத்தில் தலையைக் கனக்கவைப்பதில்லை. ஐஸ் கட்டியை மட்டும் வாளியில் கொட்டாமல் தண்ணீரும் சேர்த்தால் போத்தல் வேகமாகக் குளிரும். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும். துணைக்குச் சிப்பி, இறால், மத்தி. நாந்த் பக்கத்தார் சின்ன வெங்காயத்தை வினிகரிலும் மஸ்கடேயிலும் வேகவிட்டு, வெண்ணெய் அடித்துச் செய்யும் வெள்ளைக் குழம்பை ஆற்று மீன்மேல் ஊற்றுவார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் இல்லை.

கிளிசோன், கோர்ஜ் போத்தல்களை மட்டும் அவ்வளவு குளிரவைக்கக் கூடாது. 12 டிகிரியில், அகன்ற கோப்பையில் ஊற்றி, அவசரப்படாமல் குடிக்க வேண்டும். பத்து ஆண்டு வைத்திருந்தாலும் அவை தளராது.