ஞாயிறு நின்ற இராசியும் திங்கள் நின்ற இராசியும்

சாதகம் என்பது ஒருவர் பிறந்த வேளையில் கோள்கள் வானத்தே நின்ற நிலையைப் பன்னிரண்டு கட்டங்களிற் பொறித்து வைத்ததோர் ஏடாகும். அதனைக் கையிற்கொண்டார் ஒருவரை நோக்கி, "நும் இராசி யாது?" என வினவின், தமிழ்நாட்டார் திங்கள் நின்ற கட்டத்தைச் சுட்டுவர், மேனாட்டார் ஞாயிறு நின்ற கட்டத்தைச் சுட்டுவர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இவ்வேறுபாடறியாதார், மேனாட்டு முறையில் தம்மைச் சிங்க இராசியினர் எனக் கேட்டறிந்து, பின் தம் சாதகத்தில் வேறொன்று எழுதியிருத்தல் கண்டு, கணித்தவர் பிழைசெய்தார் எனக் கருதி மயங்குகின்றனர். அம்மயக்கத்தோடே மணப்பொருத்தம் பார்க்கப் புகுந்து, நல்ல தொடர்பினைக் கைவிடுவாரும் உளர். கணித்தவர்பால் பிழையில்லை, இரண்டு வழக்குகளும் பிறந்து வளர்ந்த வரலாறு வேறு என்பதே உண்மை. அவ்வரலாற்றை ஒருவாறு ஆராய்வாம்.

பாரத நாட்டில் முற்பட்டது திங்களின் கணக்கேயாகும். இலகதர் பெயரால் வழங்கும் வேதாங்க சோதிடம் இருபத்தேழு நாண்மீன்களைக்கொண்டே ஞாயிறு திங்கள்களின் செலவை அளக்கின்றது. ஐந்தாண்டு கொண்டது ஓர் உகம். அதனுள் நாட்கள் 1830. திங்கள் நாண்மீன் வட்டத்தைச் சுற்றிவருவது 67 முறை. ஞாயிற்றொடு கூடிப் பிரிந்து மீளக் கூடுவது 62 முறை. இத்துணை நுணுகிக் கணக்கிட்ட அந்நூலில் மேடம் முதலிய பன்னிரண்டு இராசிகள் பேசப்படவில்லை என்பது கருதத்தக்கது.

வான வட்டத்தைக் கூறுக்கு முப்பது பாகையாகப் பன்னிரு சமகூறாக்கும் முறை, கி. மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் பாபிலோனியாவில் நிலைபெற்றது. அந்நாட்டினின்று யவனரிடத்தும், யவனரிடமிருந்து பாரத நாட்டிற்கும் அது பரவிற்று. 'யவன சாதகம்' என்னும் வடநூற் பெயரே இதற்குச் சான்று. கி. பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகச்சாதகத்தில் இராசிகளுக்குக் கிரியம், தாவுரி, சிதுமம், இலேயம், பாதோனம் எனவும் பெயர் கூறுவர். இவை யவன மொழிப் பெயர்களின் திரிபுகளே. ஓரை, கேந்திரம், திரேக்காணம் என இன்றும் சோதிடர் வாயில் வழங்குவனவும் அவ்வாறு வந்தனவே.

புதியது புகுந்தபொழுது பழையது கழிந்ததோ எனின், அன்று. ஒரு நாண்மீனுக்குப் பாதம் நான்காக இருபத்தேழுக்கும் பாதங்கள் நூற்றெட்டு; அவற்றை ஓரிராசிக்கு ஒன்பதாக வகுப்பின் பன்னிரண்டு இராசியும் மிச்சமின்றி நிரம்பும். இவ்வாறு இரண்டு அளவைகளும் ஒன்றோடொன்று இசைக்கப்பட்டன. ஆயினும் தலைமை திங்கட்கே நின்றது. அதன் காரணமும் எளிதின் விளங்கும். ஞாயிறு ஓரிராசியில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கும். ஆதலின் அம்மாதத்துப் பிறந்தார் அனைவர்க்கும் அவ்விராசி ஒன்றே. திங்களோ இரண்டேகால் நாளளவில் ஓரிராசியைக் கடந்துவிடும். ஆதலின் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்ட வல்லது அதுவே. இலக்கினம் இரண்டு மணியளவில் மாறுதலின் அதனினும் நுண்ணிது. நூற்றிருபது யாண்டாகிய விஞ்சோத்தரி தசையினைத் தொடங்குவதும், ஏழரைச் சனியினை எண்ணுவதும், மணப்பொருத்தத்தின் பெரும்பகுதியைக் காண்பதும் திங்கள் நின்ற இடத்தைக்கொண்டே என்பதனை அறிஞர் அறிவர்.

இனித் தமிழ் நூற் சான்றுகளை நோக்குவாம். அகநானூற்று 136ஆம் பாட்டு, திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாளில் நிகழ்ந்த மணத்தைக் கூறும். கோவலன் கண்ணகி மணமும் அத்தகைய நாளிலேயே நிகழ்ந்ததாகச் சிலப்பதிகாரம் செப்பும். நெடுநல்வாடையிலோ இரண்டு அளவையும் ஒருங்கு காணப்படுகின்றன. தலைவனைப் பிரிந்த அரசியின் கட்டில்மேல் விரித்த விதானத்தில் ஓர் ஓவியம். அதன்கண் ஆட்டினை முதலாகவுடைய இராசிகளில் இயங்கும் ஞாயிறும், உரோகிணியைப் பிரியாத திங்களும் எழுதப்பட்டிருந்தன. உரோகிணியின் பேற்றை நினைந்து அரசி பெருமூச்செறிந்தாள் என்பர் நக்கீரர். ஞாயிற்றுக்கு இராசியும் திங்களுக்கு நாண்மீனும் உரியவாக வைத்தெண்ணும் வழக்கு அக்காலத்தே தமிழகத்து வேரூன்றியிருந்தமை இதனாற் பெறப்படும்.

தமிழ் மாதங்களும் இவ்வுண்மைக்குச் சான்றாவன. மாதத்தின் அளவு ஞாயிற்றினுடையது. அது மேடத்துட் புகும் நாளே சித்திரை முதனாள். மாதத்தின் பெயரோ திங்களினுடையது. நிறைமதி சித்திரை, விசாகம், கார்த்திகை முதலிய நாண்மீன்களை ஒட்டி நிற்பதுபற்றி அமைந்தது. மலையாள நாட்டார் சிங்கம், கன்னி, துலாம் என ஞாயிறு நின்ற இராசியின் பெயரையே மாதத்திற்கும் இட்டு வழங்குதல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆதலின் தமிழ் மாதத்தை அறிந்தார்க்கு ஞாயிறு நின்ற இராசி தானே விளங்கும். சித்திரை மேடம், வைகாசி இடபம் என முறையே எண்ணிக்கொள்க.

சைவர்க்கு இதனினும் அணித்தாயதோர் எடுத்துக்காட்டு உண்டு. சமயாசாரியர் நால்வர் குருபூசை நாட்களும் இருசுடரையும் சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளன. ஆளுடைய பிள்ளையார்க்கு வைகாசி மூலம். ஞாயிறு இடபத்தும் திங்கள் தனுசினும் நிற்ப, அந்நாள் நிறைமதியாகவோ அதனையடுத்த சில நாளாகவோ அமையும். ஆளுடைய அரசர்க்குச் சித்திரைச் சதயம்; ஞாயிறு மேடத்தும் திங்கள் கும்பத்தும் நிற்றலின் தேய்பிறையின் பிற்பகுதியாம். ஆளுடைய நம்பிக்கு ஆடிச் சுவாதி. கடகமும் துலாமுமாகலின் வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி வரும். ஆளுடைய அடிகட்கு ஆனி மகம். மிதுனமும் சிங்கமுமாகலின் வளர்பிறையின் முற்பகுதியாம். மாதம் ஒன்றை மட்டும் கூறின் நாள் துணியப்படாது; நாண்மீன் ஒன்றை மட்டும் கூறின் யாண்டில் எம்மாதத்தது என்பது விளங்காது. இரண்டும் கூடிய வழியே நாள் தெளிவாகும். சாதகம் பார்க்கும் முறையும் இதுவே.

இனி மேனாட்டு வழக்கினைக் காண்பாம். கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் இப்பார்க்கசு என்னும் யவன அறிஞர், இரவும் பகலும் ஒத்த நாளில் ஞாயிறு நிற்கும் புள்ளி விண்மீன்களிடையே மெல்லப் பின்னோக்கி நகர்தலைக் கண்டறிந்தார். அந்நகர்ச்சி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. கி. பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமி அப்புள்ளியையே மேடத்தின் முதலாகக் கொண்டார். மேனாட்டார் அதனைப் பின்பற்றினர். இது சாயனம் எனப்படும். நம் நாட்டுச் சாதக நூலாரோ நிலைத்த விண்மீன்களையே எல்லையாகக் கொள்வர், இது நிராயனம். இவ்விரண்டின் இடைவெளியே அயனாம்சம். 1952இல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச்சு 21ஆம் நாளுக்கு அது 23 பாகை 15 கலை என வரையறுத்தது. இன்று அது 24 பாகையளவாயிற்று.

ஆகவே பங்குனி இருபதாம் நாளிற் பிறந்தான் ஒருவன் மேனாட்டு முறையில் மேடத்தினன். நம் முறையில் ஞாயிறு நின்றது மீனமே. ஒவ்வொரு தமிழ் மாதத்தும் முதல் ஆறு நாளளவிற் பிறந்தார்க்கே இருமுறையும் ஒத்துவரும். ஏனையோர்க்கு ஓரிராசி வேறுபடும். மேலும், ஞாயிறு நின்ற இராசி ஒன்றையே கொண்டு பலன் கூறுதல் மேனாட்டிலும் பழைமையானதன்று. 1860 முதல் 1917 வரை வாழ்ந்த ஆலன் இலியோ என்பார் ஞாயிற்றிராசிக்குத் தலைமை தந்து எழுதினர். 1930 ஆகத்தில் இலண்டன் செய்தித்தாள் ஒன்றில் நெயிலர் என்பார் மார்கரெட் இளவரசியின் சாதகத்தை வெளியிட்டனர். அதன்பின் செய்தித்தாட் பலன் அந்நாட்டில் பரவிற்று. பிறந்த வேளை அறியாதார்க்கும் பிறந்த நாள் ஒன்றே போதுமாதலின் ஞாயிற்றிராசி அதற்கு வாய்ப்பாயிற்று.

எனவே, இராசி என்னும் சொல்லைக் கேட்டவுடன், அது ஞாயிற்றினதோ திங்களினதோ என்பதனை முதற்கண் துணிக. ஞாயிற்றினதாயின், சாயனமோ நிராயனமோ என்பதனை அடுத்துத் தெளிக. பின்னர் மாதத்தினின்று ஞாயிற்றையும், நாண்மீனினின்று திங்களையும் உணர்ந்து, இலக்கினத்தொடு சேர்த்து நோக்குக. ஓரளவையின் விடையை மற்றோரளவையின் ஏட்டிற் புகுத்தி, முன்னோர் கணக்கைப் பழித்தலும், தகுந்த மணத்தைத் தடுத்தலும் அறிவுடையார் செயலாகா.