பட்டுப்பூச்சியின் மணமும் ஏலக்காட்டுத் துளைப்பானும்

உடுமலைப்பேட்டைப் பக்கம் மல்பெரித் தோட்டங்கள். அங்கிருந்து அமராவதி, சின்னாறு வழியே மறையூர் ஏறி, மூணாறு தாண்டினால் இடுக்கியின் ஏலக்காடுகள். உடுமலையிலிருந்து மேற்கே திரும்பிப் பொள்ளாச்சியைக் கடந்தால் பாலக்காட்டு நெல்வயல்கள். மூன்று பயிர்களையும் அந்துப்பூச்சிகள் ஆள்கின்றன. ஒன்றை வளர்க்கிறோம், மற்ற இரண்டோடு போராடுகிறோம். மரபணு அடக்கம் என்னும் உத்தியால் பட்டுப்பூச்சியின் இனக்கவர்ச்சிச் சுரப்பைப் பற்றி அறிந்தவை இந்த எல்லைப் பகுதிக்குப் பயன்படும் என்றால், அந்தப் பயன் பட்டுக்கூட்டில் கிடைக்கப்போவதில்லை. நெல்லிலும் ஏலத்திலும்தான் கிடைக்கும் என்பதே என் வாதம்.

பட்டுப்பூச்சிக்கு மணம் இன்று ஏறக்குறைய அலங்காரம்தான். முட்டை உற்பத்தி நிலையத்தில் விடியலில் கூட்டைவிட்டு வரும் பெண் பூச்சி, வயிற்றின் நுனியை உயர்த்தி இரண்டு மஞ்சள் நிறப் பைகளை வெளியே தள்ளியபடி அசையாமல் இருக்கும். பறக்கத் தெரியாத ஆண், சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நடந்து வரும். ஆனால் ஜோடி சேர்ப்பவரும், மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் பிரிப்பவரும், ஆணைக் குளிரில் வைத்து மறுபடி பயன்படுத்துபவரும் பணியாளர்தான். மணம் சற்றுக் குறைந்தால் முட்டை குறையாது.

ஆய்வுக்கூடத்தில் நிலைமை வேறு. 1959இல் அடால்ஃப் பூட்டெனன்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே பிரித்து அடையாளம் கண்ட பாம்பிக்கோல், வேதியியல் அமைப்பு தெரியவந்த முதல் இனக்கவர்ச்சிப் பொருள். 16 கரிமம் கொண்ட கொழுப்பு அமிலத்திலிருந்து சுரப்பி அதைத் தயாரிக்கிறது. ஒரே நொதி முதலில் 11ஆம் இடத்தில் இரட்டைப் பிணைப்பு இடுகிறது, பின் அதையே 10, 12 என்று மாற்றி அமைக்கிறது. இன்னொரு நொதி அமிலத்தை ஆல்கஹாலாக ஒடுக்குகிறது. வேலையைத் தொடங்கச் சொல்லும் ஆணை, தலையிலுள்ள நரம்புத்திரளிலிருந்து ஒரு நியூரோபெப்டைடாக வருகிறது.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை உயிருள்ள பூச்சியிலேயே ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தது ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் ஷோகோ மட்சுமோட்டோ குழு. 2006இல் வெளியான ஆய்வில் ஓனிஷி, ஹல், மட்சுமோட்டோ மூவரும் குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவைக் கூட்டுப்புழுவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். நொதியின் மரபணுவை அடக்கினாலும், ஆணையைப் பெறும் ஏற்பியின் மரபணுவை அடக்கினாலும் பாம்பிக்கோல் குறைந்தது. மருந்தளவு கூடக் கூடக் குறைவும் கூடியது.

இந்த வெற்றியைப் பொதுவிதியாக்குவது தவறு. அந்துப்பூச்சிகளில் இரட்டை இழை ஆர்என்ஏ பெரும்பாலும் சண்டித்தனம் செய்யும். ஓர் இனத்தில், ஒரு திசுவில் பலித்தது அடுத்ததில் பலிக்காது. இங்கே பலித்ததற்கு நேரமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். சுரப்பி மரபணுக்கள் பூச்சி வெளிவரும் வேளையை ஒட்டியே முழுவீச்சில் இயங்குகின்றன. கூட்டுப்புழுப் பருவத்திலேயே ஊசி போட்டால் அடுப்பு மூட்டும் முன்பே விறகை நனைத்துவிடலாம்.

நெல்லுக்கு வருவோம். மஞ்சள் குருத்துப்பூச்சியின் மணம் இரண்டு 16 கரிம ஆல்டிஹைடுகளின் கலவை. பிணைப்பு 11ஆம் இடத்தில் உள்ளது மூன்று பங்கு, 9ஆம் இடத்தில் உள்ளது ஒரு பங்கு. இத்தகைய மணத்தை ஆண் எப்படி இனங்காண்கிறது என்பதற்கும் பட்டுப்பூச்சியே வழிகாட்டுகிறது. 2011இல் சகுராய் குழுவினர் முட்டைக்கோஸ் வைரமுதுகு அந்துப்பூச்சியின் ஏற்பி மரபணு ஒன்றை ஆண் பட்டுப்பூச்சிக்குள் புகுத்தினார்கள். அந்த ஆண், அயல் இனப் பெண்ணின் மணத்துக்கு அப்படியே ஆடியது. அது நுகர்ந்த பொருளும் அதே 11ஆம் இட ஆல்டிஹைடுதான். பெண்ணின் சுரப்பும் ஆணின் உணர்கொம்பும் தனித்தனிப் பூட்டுகள், தனித்தனியே சோதிக்கத்தக்கவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏலத்தில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. தண்டில் துளை, துளைவாயில் குவிந்த புழு எச்சம், காய்ந்த நடுக்குருத்து, உள்ளீடற்ற காய் ஆகியவை விவசாயி நன்கறிந்த அடையாளங்கள். இந்தத் துளைப்பான் நெடுங்காலம் ஆமணக்கைத் தாக்கும் கோனோகீதிஸ் பங்க்டிஃபெராலிஸ் என்ற இனமாகவே எண்ணப்பட்டது. 2018இல் ஏலம் உள்ளிட்ட இஞ்சிக் குடும்பச் செடிகளில் வாழ்வதைச் சஷாங்கும் உடனாய்வாளர்களும் பிரித்து, கோனோகீதிஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்று சஹ்யாத்ரி மலையின் பெயரையே வைத்தார்கள். பங்க்டிஃபெராலிஸின் மண வேதியியல் ஜப்பானில் பழமரப் பூச்சிகளிலிருந்து எழுதப்பட்டது. ஆக, அந்தக் கலவை பூசிய இனக்கவர்ச்சிப் பொறியை ஏலக்காட்டில் தொங்கவிடும்போது, நாம் அழைப்பது இந்தப் பூச்சியையா, அதன் உறவுக்காரரையா? பொறியில் பூச்சி விழவில்லை என்றால் பொறியைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும்.

இதற்கு வேதிப் பகுப்பு மட்டும் போதாது. பங்க்டிஃபெராலிஸின் முக்கிய மணக்கூறில் பிணைப்பு 10ஆம் இடத்தில் உள்ளது. பாம்பிக்கோலிலும் 10 உண்டு. ஆனால் அங்கே அது 11ஐ உடைத்துப் பெற்ற 10. இடம் ஒன்று என்பதால் நொதியும் ஒன்று என்று கொள்ளலாகாது. ஆமணக்குப் பூச்சியிலும் ஏலப் பூச்சியிலும் ஒரே சுரப்பி மரபணுவைக் கூட்டுப்புழுப் பருவத்தில் அடக்கி, எந்தக் கூறு குறைகிறது என்று அளந்தால் வேறுபாடு பெண்ணில் தொடங்குகிறதா என்பது தெரியும். ஆணின் ஏற்பியைத் தனியே அடக்கினால் மறுபாதி தெரியும்.

இதை வைத்து நாளைக்கே ஆர்என்ஏ தெளிப்பு வந்துவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் ஹைதராபாத்தில் ஜே. நாகராஜு குழுவினர் பட்டுப்புழுவின் பால்நோய் வைரஸுக்கு எதிராக இதே உத்தியைக் கையாண்டார்கள். அங்கும் அடக்கும் மரபணுவைப் புழுவின் பரம்பரையிலேயே பதித்தார்கள். இலையில் தெளித்துச் சாதிக்கவில்லை. மைலாடும்பாறையில் ஏல ஆராய்ச்சி நிலையமும் பட்டாம்பியில் நெல் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. ஊசியும் கூட்டுப்புழுவும் வாயு நிறப்பகுப்புக் கருவியும் இருந்தால் முதல் சோதனையைத் தொடங்கலாம். ஆமணக்குப் பூச்சிக்கும் ஏலப் பூச்சிக்கும் தனித்தனி வளர்ப்புக் கூண்டு மட்டும் கண்டிப்பாக வேண்டும்.