ஒரு பெயரின் பெயர்ச்சி

நைஜீரியாவின் 20 நைரா தாளில் முன்பக்கம் ஜெனரல் முர்தலா முகமது, பின்பக்கம் பானை வனையும் லாடி குவாலி. அபுஜா என்ற பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர் பின்பக்கம் இருக்கிறார். அந்தப் பெயர் தன் ஊரை விட்டுக் கிளம்பக் காரணமானவர் முன்பக்கம் இருக்கிறார். தெரிந்துதான் இப்படி அச்சடித்தார்களா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

பெயருக்குப் பிறவியிலேயே இடம்பெயரும் யோகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுலானிப் படைகள் ஸாரியாவைப் பிடித்தபோது, அங்கிருந்த ஹௌசா அரச குடும்பம் தெற்கே ஓடியது. அந்த வழியில் வந்த அபு, 1828இல் ஓர் ஊரை உண்டாக்கினார். ஆள் சிவந்த நிறம். ஹௌசா மொழியில் 'ஜா' என்றால் சிவப்பு. நம்மூர்ச் செவத்தையா மாதிரி அவர் அபு ஜா. ஊரும் அபுஜா ஆனது.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயருக்குப் பெரிய வேலை இல்லை. 1950 வாக்கில் மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயக் குயவர் அபுஜா அமீர் சுலைமான் பராவின் அரண்மனையில் சில பானைகளைப் பார்த்து நின்றுவிட்டார். சக்கரம் தொடாமல், களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி எழுப்பிய பானைகள். மேலே பல்லியும் தேளும் கீறப்பட்டிருந்தன. வனைந்தவர் லாடி குவாலி. 1952இல் கார்டியூ அங்கே தொடங்கிய பயிற்சி மையத்தில் 1954இல் லாடியும் சேர்ந்தார். வளையம் அடுக்கும் கைமுறை பழையது, மெருகும் உயர்வெப்பச் சூளையும் புதியவை. 'அபுஜா மண்பாண்டம்' என்ற பெயர் லண்டன் வரை போனது.

இதற்கிடையில் நாட்டின் அன்றைய தலைநகர் லாகோஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. கடலோரம், நெரிசல், போதாததற்கு ஒரு மாநிலத்துக்கும் அதுவே தலைநகர். 1975இல் நீதிபதி அகினோலா அகுடா தலைமையில் அமைத்த குழு, புதிய தலைநகருக்காக நாட்டின் நடுவில், எந்தப் பெரிய இனமும் தனதென்று உரிமை கொண்டாட முடியாத இடத்தைத் தேடியது. 1976 பிப்ரவரியில், அப்போது நாட்டை ஆண்ட முர்தலாவின் ஆணை வந்தது. அதே மாதம் 13ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். திட்டம் மட்டும் நின்றுவிடவில்லை.

புதிய தலைநகருக்குப் பெயர் வேண்டுமே! பக்கத்து ஊரிடமிருந்து அபுஜாவை எடுத்துக்கொண்டார்கள். பெயரிழந்த ஊருக்கு, பானைகளை வைத்திருந்த அந்த அமீரின் பெயரிலிருந்தே மாற்றுப் பெயர் பிறந்தது: சுலே, கூடவே பழைய 'ஜா'. சுலேஜா. முன்னோரின் நிறத்தையாவது விட்டுவைத்தார்களே!

1979இல் அமெரிக்க நிறுவனங்களின் கூட்டமைப்பு பெருந்திட்டத்தை முடித்துக் கொடுத்தது. சுமார் 30 லட்சம் பேருக்கான நகரம். மையப் பகுதியை ஜப்பானியர் கென்சோ டாங்கே வடிவமைத்தார். அசோ பாறையை நோக்கி நீளும் அகன்ற அச்சு. அதன் தலைமாட்டில் நாடாளுமன்றம், அதிபர் மாளிகை, உச்ச நீதிமன்றம். வரைபடத்தில் நிலம் வெறுமையாகத்தான் தெரிந்தது. ஆனால் அங்கே குவாரி இன மக்கள் கிழங்கு பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எல்லோரையும் வெளியேற்றுவதாகத்தான் முதல் யோசனை. செலவைக் கணக்குப் பார்த்ததும் அது தளர்ந்தது. உசே கிராமத்தாரை மாற்றிக் குடியமர்த்திய இடம் இன்று சபோன் உசே, அதாவது புது உசே. பழைய உசேயின் பெயர் நகரத்தின் ஒரு வட்டாரத்தில் ஒட்டிக்கொண்டது. பெயரை வைத்துக்கொண்டு ஆளை அனுப்புவது இந்த நகரத்துக்கு வழக்கமாகிவிட்டது போலும்.

1991 டிசம்பர் 12 அன்று தலைநகரம் முறைப்படி இடம் மாறியது. வாடகை கட்டுப்படியாகாதவர்கள் எல்லைக்கு அப்பால் சுலேஜாவில் வீடு பார்த்தார்கள். இப்போது ஒவ்வொரு காலையும் பழைய அபுஜாவிலிருந்து புதிய அபுஜாவுக்கு வண்டிகள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு போகின்றன.

லாடி குவாலியின் பானைகளை அருங்காட்சியகங்களில் பார்த்தால், வனைந்த இடம் அபுஜா என்றிருக்கும். அதை நம்பித் தலைநகருக்குப் போய்ச் சூளையைத் தேடுபவர், சுலேஜா வண்டிதான் ஏற வேண்டும்.