தாய்வழி நின்ற மொழி: கிழக்காப்பிரிக்கக் கரையில் இஸ்லாம்

சுவாஹிலி மொழியில் நூலைக் ‘கித்தாபு’ என்பர். அஃது அரபுச் சொல். ஆயினும் நூல்கள் பலவாகுங்கால் அரபுப் பன்மையாகிய ‘குதுப்’ அங்கு வருவதில்லை; ‘வித்தாபு’ என்றே வழங்கும். ‘கி’ என்னும் முன்னொட்டு பன்மையில் ‘வி’ என மாறுதல் பாந்து மொழிக் குடும்பத்தின் இலக்கணம். வந்த சொல்லின் முதலெழுத்தையே தன் முன்னொட்டாகக் கொண்டுவிட்டது அம்மொழி. சோமாலியாவின் தென்பகுதி முதல் மொசாம்பிக் வரை நீளும் கரையில் இஸ்லாம் பரவிய முறைக்கு இச்சொல்லினும் சிறந்த சான்றினை யான் கண்டிலேன்.

இக்கரையின் கடல் வாணிகம் இஸ்லாத்திற்கு முற்பட்டது. முசிறியைக் குறிப்பதால் நாம் நன்கறிந்த, கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளூஸ்’, ரப்தா என்னும் ஆப்பிரிக்கத் துறையையும் குறிக்கின்றது. அங்குச் செல்லும் அரபு மாலுமிகள் அந்நாட்டாரோடு மணவுறவு கொண்டு, அவர்தம் மொழியையும் அறிந்திருந்தனர் என்கிறது அந்நூல். மொழியைக் கற்றவர் வந்தவரே என்பது கருதத்தக்கது.

வடகிழக்குப் பருவக்காற்று கலங்களைக் கொணரும். தென்மேற்குக் காற்று எழும்வரை அவை மீள இயலா. இடைப்பட்ட திங்கள்களில் வணிகனுக்கு வீடு வேண்டும். சரக்கிற்குக் காவல் வேண்டும். கடனுக்குப் பிணை வேண்டும். 1331இல் மொகதிசுவில் இறங்கிய இப்னு பதூதா இதனைக் கண்முன் நிறுத்துகிறார். கலம் அணுகியதும் ஊர் இளைஞர் சிறு படகுகளில் மூடிய உணவுத் தட்டுகளோடு விரைவர். ஒவ்வொருவரும் ஒரு வணிகனிடம் அதனை நீட்டி, இவர் என் விருந்தினர் என்பர். பின்னர் அவ்வணிகன் அவ்வீட்டிலன்றி வேறெங்கும் தங்கான். அவனுக்காக விற்பதும் வாங்குவதும் அவ்வீட்டாரே. இத்தகைய உறவில் ஒரே சமயம் என்பது ஒரே ஒப்பந்த முறை, ஒரே ஆணை, ஒரே வாரிசுரிமை என விரிந்தது. கரையோர வணிகக் குடிகள் இஸ்லாத்தைத் தழுவியதில் இறைப்பற்றும் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுதல் அரிது.

மண்ணும் இதற்குச் சான்று தருகிறது. கென்யாவின் பாத்தே தீவிலுள்ள ஷாங்காவில் 1980களில் மார்க் ஹார்ட்டன் அகழ்ந்தபோது, பெரிய பள்ளிவாசலின் கீழ் அடுக்கடுக்காய்ப் பழைய பள்ளிவாசல்கள் வெளிப்பட்டன. அடியில் இருந்தது 8ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த, மரத்தாலான சிறு தொழுகையிடம். படையெடுத்து வந்த சமயம் இவ்வாறு தொடங்குவதில்லை. சான்சிபாரின் கிசிம்காசிப் பள்ளிவாசல் கல்வெட்டு 1107ஆம் ஆண்டினது. தெற்கே கில்வா, சோஃபாலாவின் பொன் வாணிகத்தால் செழித்தது. அதன் 14ஆம் நூற்றாண்டுச் சுல்தானின் காசொன்று உள்நாட்டில், பெரிய சிம்பாப்வேயில் கிடைத்துள்ளது. காசு சென்ற தொலைவிற்குச் சமயம் செல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு வரை இஸ்லாம் பெரும்பாலும் கரையளவிலேயே நின்றது. பொன்னோடும் யானைத்தந்தத்தோடும் மாந்தரும் அடிமைகளாய்க் கலமேற்றப்பட்டனர் என்பதையும் மறைத்தல் தகாது.

இந்நகரங்களை ஆக்கியோர் யாவர்? குடியேற்றக் கால அறிஞர் பலர் அரபியர், பாரசீகர் என்றே விடை கூறினர். கல்வீடும் எழுத்தும் ஆப்பிரிக்கருக்கு வாரா என்னும் செருக்கு அவ்விடையில் ஒளிந்திருந்தது. ஷீராசிலிருந்து வந்தவர் துணி கொடுத்துத் தீவை வாங்கினார் என்னும் கில்வா வரலாற்றுக் கதை அவர்க்கு வாய்ப்பாயிற்று. பின்வந்த அகழாய்வாளர் அக்கதையைப் பெரிதும் புறந்தள்ளினர். 2023இல் வெளியான மரபணு ஆய்வோ இரு சாராரையும் திருத்தியது. இடைக்காலக் கரைநகரங்களிலும் ஓர் உள்நாட்டூரிலும் புதையுண்ட 80 பேரின் எச்சங்கள் அதில் ஆராயப்பட்டன. கரையினர் பலரிடம் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கம். தந்தைவழியில் பாரசீகக் கலப்பு மிகுதி. கலப்பு ஏறத்தாழ கி.பி. 1000இல் தொடங்கியுள்ளது. கதை முற்றும் பொய்யன்று. அது தாயரை மறந்த கதை. தந்தையர் கடல் கடந்து வந்தும் மக்கள் பேசியது தாயர் மொழியே.

கவிஞர்கள் கருதற்கு ஒன்று: இம்மொழியின் பழைய காப்பியங்களுள் ஒன்றான ‘உதெண்டி வா தம்புகா’வின் காலம் 1728. பாடுபொருள் நபிகளாரின் தபூக் படைச்செலவு, எழுத்து அரபு, இலக்கணம் பாந்து. எண்ணுப் பெயர்களிலும் ஆறு, ஏழு, ஒன்பது ஆகியவை அரபு. ஏனைய ஒன்று முதல் பத்து வரை பாந்து. தொழுகையைக் குறிக்கும் ‘சலா’ அரபுச் சொல். அத்தொழுகைக்குரிய இறைவனை அவர்கள் இன்றும் ‘முங்கு’ என அழைக்கின்றனர். அது பாந்துச் சொல்.