அலெக் கின்னஸ்: வேடங்களிலிருந்து வெறும் முகம் வரை

அலெக் கின்னஸ் 1914 ஏப்ரல் 2 அன்று லண்டனின் மேய்டா வேல் பகுதியில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் எழுதவேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது. தாய் ஆக்னஸ் கஃப், வாடகை பாக்கி வைத்துவிட்டு வீடு மாறிக்கொண்டே இருந்தவர். மகனின் பள்ளிக் கட்டணத்தை ஆண்ட்ரூ கெடிஸ் என்ற வங்கியாளர் கட்டிவந்தார். அவரே தந்தையாக இருக்கலாம் என்று பலரும் கருதினர். ஆனால் அது கடைசிவரை உறுதியாகவில்லை. இடையில் தாய் ஓர் இராணுவ அதிகாரியை மணந்து சில ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த மனிதரின் முரட்டுத்தனத்துக்குச் சிறுவன் அஞ்சி ஒடுங்கினான். பதினான்கு வயதுக்குள் அவருக்கு மூன்று பெயர்கள் மாறியிருந்தன. பின்னாளில் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் சுவடில்லாமல் புகுந்துகொண்டதற்கு இந்தப் பிள்ளைப் பருவமே காரணம் என்று சொல்வதுண்டு. அது ஓரளவுக்கே உண்மை. துயரமான இளமை பலருக்கு வாய்த்திருக்கிறது. அவருக்கு இருந்த கூர்ந்த பார்வையும் பயிற்சியும் பலருக்கு வாய்க்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்தார். மனம் முழுக்க நாடகத்தில் இருந்தது. அன்றைய ஆங்கில மேடையின் பெரிய நட்சத்திரமான ஜான் கீல்குட்டைத் தொடர்புகொண்டு யோசனை கேட்டார். கீல்குட் அவரை மார்ட்டிடா ஹண்ட் என்ற நடிகையிடம் பாடம் கேட்க அனுப்பினார். உனக்கு நடிப்பு வராது என்று ஹண்ட் முதலில் கைவிரித்துவிட்டார். கின்னஸ் விடவில்லை. ஃபே காம்ப்டன் நடத்திய நாடகப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அந்த நாட்களில் கையில் காசு இருக்காது, வயிறும் காய்ந்து கிடக்கும். கீல்குட் பண உதவி செய்ய முன்வந்தபோதும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. 1934-இல் கீல்குட்டின் புகழ்பெற்ற 'ஹாம்லெட்' நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடம் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த சில ஆண்டுகள் ஓல்ட் விக் அரங்கிலும் கீல்குட்டின் குழுவிலும் கழிந்தன. 1935-இல் 'நோவா' என்ற நாடகத்தில் அவர் ஓநாயாக வந்தார். புலியாக வந்தவர் மெருலா சாலமன். இருவரும் 1938-இல் திருமணம் செய்துகொண்டனர். அதே ஆண்டில் இயக்குநர் டைரோன் கத்ரி, கதாபாத்திரங்களுக்கு இக்கால உடை அணிவித்து 'ஹாம்லெட்' நாடகத்தை மேடையேற்றினார். 24 வயதிலேயே தலைமைப் பாத்திரம் கின்னஸுக்கு வந்து சேர்ந்தது. அவருடைய ஹாம்லெட் முழங்கவில்லை. தணிந்த குரலில் பேசினான். குரலை உயர்த்தாமல் அரங்கைக் கட்டிப்போடும் இந்த வழிதான் பிற்பாடு கேமராவுக்கு மிகவும் பொருந்தியது.

இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார். 1943 ஜூலையில் சிசிலித் தீவின் மீது நேச நாடுகள் படையெடுத்தபோது வீரர்களைக் கரையிறக்கும் கலம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. பிறகு யூகோஸ்லாவியாவின் எதிர்ப்புப் படையினருக்குப் பொருள்கள் கொண்டுபோகும் பணியிலும் ஈடுபட்டார்.

கடற்படையில் சேர்வதற்கு முன்பு சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை அவரே நாடகமாக்கி, ஹெர்பர்ட் பாக்கெட் வேடத்திலும் நடித்திருந்தார். அதைப் பார்த்தவர்களில் பின்னாளில் இயக்குநரான டேவிட் லீன் ஒருவர். லீன் 1946-இல் அந்தக் கதையைப் படமாக்கியபோது அதே வேடத்தை அவருக்கே கொடுத்தார். அடுத்து 'ஆலிவர் ட்விஸ்ட்' (1948). அதில் கிழட்டுத் திருடன் ஃபேகின் வேடம் தனக்கு வேண்டும் என்று கின்னஸ் கேட்டபோது லீன் தயங்கினார். முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த மனிதர், அதுவும் சற்று முன் துள்ளலான இளைஞனாக நடித்தவர். ஒப்பனையோடு ஒரு சோதனைக் காட்சி எடுத்துப் பார்க்கட்டும் என்று கின்னஸ் வற்புறுத்தினார். ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன் உருவாக்கிய பெரிய மூக்கும் தாடியுமாக அவர் வந்து நின்றதும் லீனின் தயக்கம் தீர்ந்தது.

நடிப்பாகப் பார்த்தால் அது அபாரம். ஆனால் நாவலின் முதல் பதிப்பில் ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் வரைந்த படங்களை ஒட்டி அமைந்த அந்த மூக்கு, யூதர்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச் சித்திரத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. யூத இனப்படுகொலை நடந்து முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1949-இல் பெர்லினில் படத்தை எதிர்த்துப் போராட்டம் வெடித்தது. அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை. வந்தபோதும் சில காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஈலிங் ஸ்டூடியோவின் நகைச்சுவைப் படங்கள்தான் அவரை உலகறியச் செய்தன. அவற்றில் தலையாயது ராபர்ட் ஹேமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' (1949). தாயை ஒதுக்கிவைத்த பிரபுக் குடும்பத்தின் பட்டத்தை அடைவதற்காக, வழியில் நிற்கும் உறவினர்களை ஒருவர் பின் ஒருவராக ஒழித்துக்கட்டும் இளைஞனின் கதை அது. இளைஞனாக டென்னிஸ் பிரைஸ். கின்னஸுக்கு முதலில் நான்கு வேடங்கள் தருவதாகத்தான் பேச்சு. நான்கு எதற்கு, எட்டையும் நானே செய்கிறேனே என்றார் அவர். பிரபு, வங்கியாளர், பாதிரியார், படைத் தளபதி, கப்பற்படைத் தலைவர், இரண்டு இளைஞர்கள், பெண் உரிமைப் போராளியான லேடி அகதா என எட்டுப் பேராகவும் அவரே வந்தார்.

தேவாலயக் காட்சி ஒன்றில் இந்தக் குடும்பத்தினர் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் தெரிவார்கள். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவை இம்மியும் அசையாதபடி இறுகக் கட்டினார். லென்ஸுக்கு முன்னால் திறந்து மூடும் மறைப்புகளைப் பொருத்தினார். ஒரு பகுதியை மட்டும் திறந்து ஒரு வேடத்தைப் படம்பிடிப்பார்கள். பிறகு அதே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, கின்னஸ் அடுத்த ஒப்பனை முடித்து வந்து வேறொரு இடத்தில் அமர்ந்ததும் அடுத்த பகுதியைத் திறப்பார்கள். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் அதுவரை எடுத்தது வீண். யாரும் தொட்டுவிடக்கூடாது என்று ஸ்லோகோம் இரவிலும் கேமராவுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். இன்று அந்தக் காட்சியைப் பார்த்தாலும் ஒட்டு தெரியாது.

தந்திரக் காட்சியைவிட வியக்கத்தக்கது அந்த எட்டுப் பேரையும் அவர் வேறுபடுத்திய விதம். பாதிரியாரின் தளர்ந்த பேச்சும் தளபதியின் விறைப்பும் பிரபுவின் குளிர்ந்த கொடூரமும் ஒட்டுத்தாடியால் வந்தவை அல்ல. ஒரு பாத்திரத்தின் நடையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவருடைய வழி. மிருகக்காட்சி சாலைக்குப் போய் விலங்குகளின் அசைவைக் கவனிப்பார், தெருவில் போகிற முன்பின் தெரியாதவர்களைப் பின்தொடர்ந்து நடந்தும் பார்ப்பார்.

'தி லாவண்டர் ஹில் மாப்' (1951) படத்தில் தங்கக் கட்டிகளைத் திருடும் சாதுவான வங்கி ஊழியர் வேடம் முதல் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. 'தி மேன் இன் தி ஒயிட் சூட்' (1951), 'தி லேடிகில்லர்ஸ்' (1955) ஆகியவையும் இந்தக் காலத்தவையே. மேடையில் எல்லாம் வெற்றியாக அமையவில்லை. 1951-இல் அவரே முன்னின்று மேடையேற்றிய 'ஹாம்லெட்' முதல் இரவிலேயே விளக்கமைப்பு சொதப்பி, விமர்சகர்களின் கண்டனத்துக்கு ஆளானது. அந்தக் காயம் நெடுநாள் ஆறவில்லை. ஆனால் 1953-இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில், கத்ரி கலை இயக்குநராக இருந்த ஷேக்ஸ்பியர் விழாவை, பெரிய கூடாரம் ஒன்றில் மூன்றாம் ரிச்சர்டாக நடித்து அவர் தொடங்கிவைத்தார். அந்த விழா இன்றும் நடக்கிறது.

1954-இல் 'ஃபாதர் பிரவுன்' படத்துக்காக பிரான்ஸில் பாதிரியார் உடையில் ஒரு மாலை நடந்துகொண்டிருந்தபோது, முன்பின் அறியாத சிறுவன் ஒருவன் அவரை உண்மைப் பாதிரியார் என்று நம்பி, கையைப் பிடித்துக்கொண்டு பேசியபடியே கூட வந்தான். ஓர் உடைக்கு இவ்வளவு நம்பிக்கையா என்ற எண்ணம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. மகன் மாத்யூ போலியோவில் விழுந்து மீண்டதும் சேர்ந்து, 1956-இல் அவர் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். நம்பிக்கை ஆயுள் முழுதும் நிலைத்தது.

டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) இலங்கையில், களனி ஆற்றங்கரையில் உள்ள கிதுல்கல என்ற இடத்தில் படமாக்கப்பட்டது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட கர்னல் நிக்கல்சன், ஒழுங்கின் மீதுள்ள பிடிவாதத்தால் எதிரிக்கே நல்ல பாலம் கட்டிக்கொடுத்துவிடும் கதை. கின்னஸ் முதலில் இந்த வேடத்தை மறுத்தார். ஒப்புக்கொண்ட பிறகும் பாத்திரத்தைப் புரிந்துகொள்வதில் இயக்குநரோடு ஓயாத சண்டை. தகரக் கூண்டில் அடைபட்டுக் கிடந்த நிக்கல்சன் வெளியே வந்து, கால் தள்ளாட, மானம் தள்ளாடாமல் மைதானத்தைக் கடக்கும் காட்சிக்கு, போலியோவிலிருந்து எழுந்து நடந்த மகனின் நடையை எடுத்துக்கொண்டார். தன் வாழ்நாள் நடிப்பில் மிகச் சிறந்த துளிகளில் ஒன்றாக அதையே அவர் கருதினார். படம் ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிறந்த நடிகர் விருது அவருக்கு. தமிழ் வாசகர் இங்கே ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். கதையில் வரும் பாலம், ஜப்பானியர் போர்க்காலத்தில் அமைத்த சயாம் மரண ரயில் பாதையைச் சேர்ந்தது. அந்தப் பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். படம் வெள்ளைக்காரக் கைதிகளின் கதையை மட்டுமே சொல்கிறது.

1959-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 'டியூன்ஸ் ஆஃப் குளோரி' (1960) படத்தில் அவருக்குப் பேசப்பட்ட வேடம் நேர்த்தியான கர்னலுடையது. அதை ஜான் மில்ஸுக்கு விட்டுக்கொடுத்து, சிப்பாயாக இருந்து உயர்ந்த முரட்டுக் குடிகார ஸ்காட்லாந்துக்காரனாக வந்தார். அவருடைய இயல்புக்கு நேர் எதிரான மனிதன் அவன். நிக்கல்சனுக்குச் சமமாக வைக்கத்தக்க நடிப்பு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் (1962) அரபு இளவரசர் ஃபைசல், 'டாக்டர் ஷிவாகோ'வில் (1965) ரஷ்ய அதிகாரி, 1970-இல் முதலாம் சார்லஸ் மன்னர், 1973-இல் ஹிட்லர். நியூயார்க் மேடையில் கவிஞர் டிலன் தாமஸாக நடித்து 1964-இல் டோனி விருதும் பெற்றார்.

'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் ஓபி-வான் கெனோபி வேடம் அவருக்கு வேறு வகைப் புகழைக் கொண்டுவந்தது. சம்பளத்தோடு லாபத்தில் 2 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கும் பேசிக்கொண்டதால் பெரும் செல்வமும் சேர்ந்தது. வசனங்களை அவர் மதிக்கவில்லை. படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டதாகச் சொன்ன ஒரு சிறுவனிடம், இனி பார்க்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கச் சொல்ல, அவன் அழுதுவிட்டதை அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் அந்தப் படத்தின் பறக்கும் கலங்களுக்கும் பொம்மை மனிதர்களுக்கும் நடுவே நம்பத்தகுந்த கனம் சேர்த்தது அவருடைய குரல்தான்.

அவருடைய கலையின் உச்சம் சின்னத்திரையில் வந்தது. ஜான் லெ கார்ரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை பி.பி.சி. 1979-இல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பியது. ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாக கின்னஸ். அசல் உளவாளி எப்படி இருப்பார் என்று பார்க்க அவர் ஆசைப்பட்டதால், உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டை லெ கார்ரே ஒரு மதிய உணவுக்கு அழைத்துவந்தார். ஓல்ட்ஃபீல்டின் சட்டைக்கைப் பொத்தான்களையும் குடையையும் நடையையும் கின்னஸ் கண்ணாலேயே அள்ளிக்கொண்டார். திரையில் ஸ்மைலி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், மாட்டிக்கொள்வார். ஒட்டு மூக்கும் தாடியும் தேவைப்படவில்லை. எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று அவருக்குத் தெரிந்த கணம் பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும். முகத்தில் என்ன மாறியது என்று சொல்லமுடியாது. இதற்கும் இதன் தொடர்ச்சியான 'ஸ்மைலிஸ் பீப்பிள்' (1982) தொடருக்கும் பாஃப்டா விருதுகள் கிடைத்தன. 1980-இல் ஆஸ்கர் கழகம் சிறப்பு விருது வழங்கியது.

டேவிட் லீனின் கடைசிப் படமான 'எ பேசேஜ் டு இந்தியா' (1984) அவரை இந்தியாவுக்கு அழைத்துவந்தது. பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக, முகத்தில் பழுப்பு பூசி நடித்தார். அவர் பயிற்சி எடுத்து ஆடிய நடனம் பெரும்பாலும் வெட்டப்பட்டதில் அவருக்கு வருத்தம். அந்த வேடத்தை ஓர் இந்திய நடிகர் செய்திருக்க வேண்டும் என்பதே நேர்மையான கணிப்பு. எந்த இனத்தவராகவும் ஒரு வெள்ளைக்கார நடிகர் வரலாம் என்று அவர் தலைமுறை நம்பியது. ஜப்பானியராகவும் அரபியராகவும் அவர் ஏற்ற வேடங்கள் இன்று கண்ணை உறுத்துகின்றன.

'லிட்டில் டாரிட்' (1987) படத்தில் கடன்காரர் சிறையில் கிடந்தபடியே கௌரவம் பார்க்கும் வில்லியம் டாரிட்டாக வந்து மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1985-இல் வெளிவந்த 'பிளெசிங்ஸ் இன் டிஸ்கைஸ்' என்ற தன்வரலாறு, தன்னைவிடத் தான் சந்தித்த மனிதர்களைப் பற்றி அதிகம் பேசும் அருமையான நூல். நாட்குறிப்பு வடிவில் மேலும் இரண்டு நூல்கள் எழுதினார். 2000 ஆகஸ்ட் 5 அன்று, 86 வயதில், சசெக்ஸின் மிட்ஹர்ஸ்டில் கல்லீரல் புற்றுநோயால் காலமானார். மெருலா அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். இருவரையும் பீட்டர்ஸ்ஃபீல்டில் அடக்கம் செய்தனர்.

அவரைப் புதிதாக அறிய விரும்புகிறவர்கள் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் தொடங்கவேண்டாம். 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' படத்தை முதலில் பார்த்து, அடுத்து ஸ்மைலி தொடரைப் பார்க்கலாம்.