கேளாத பாட்டைப் பாடுவித்த ஆசிரியர்

ஓவியன் தீட்டிய ஓவியம் சுவரிலே நிற்கின்றது. சிற்பி செதுக்கிய சிலை கல்லிலே நிற்கின்றது. பாடகன் பாடிய பாட்டோ அவன் வாய் மூடிய கணத்திலேயே மறைந்து போகின்றது. மறைந்த பாட்டு மீண்டும் பிறக்க வேண்டுமாயின், அது ஒருவர் நினைவிலாவது ஓர் ஏட்டிலாவது தங்கியிருத்தல் வேண்டும். நினைவை மட்டும் நம்பியிருந்த இசை ஏட்டினை எவ்வாறு அடைந்தது என்பது மேனாட்டு இசை வரலாற்றிலே மிகச் சிறந்த ஓர் அதிகாரமாகும். நாளை வகுப்பறையில் இசை கற்பிக்கப் போகின்றவர்கள் இதனை விரும்பிக் கற்றல் வேண்டும். ஏனெனில் இதன் தலைமகன் பேரரசனுமல்லன், அரசவைப் பாடகனுமல்லன், சிறுவர்க்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியன்.

ஐரோப்பாவிலே கிறிஸ்தவ மடங்களில் நாள்தோறும் பல வேளைகளில் வழிபாட்டுப் பாடல்கள் பாடப்பெற்றன. ஆண்டு முழுவதற்கும் உரிய பாடல்களின் தொகை மிகப் பெரிது. அவை யாவும் கேள்வி வழியாகவே வந்தன. 636ஆம் ஆண்டிற் காலமான செவீயா நகர மேற்றிராணியார் இசிதோர், ஒலிகளை எழுதிவைத்தல் இயலாதென்றும், மனிதர் நினைவிற் கொள்ளாவிடின் அவை அழிந்தே போகும் என்றும் கருதினார். அக்காலத்து அறிஞருள் தலைசிறந்தவர் ஒருவரின் முடிபே இதுவாயின், மற்றையோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

768 முதல் 814 வரை ஆட்சி புரிந்த சார்லமேன், தம் ஆணை செல்லும் நாடெங்கும் உரோமாபுரியின் பாடல் முறையே வழங்கவேண்டும் என விரும்பினார். மலைகளையும் ஆறுகளையும் கடந்து பரந்து கிடந்த நாடுகளில், எழுத்தின் துணையின்றி ஒரே இசையை நிலைநாட்டுவது எங்ஙனம்? 9ஆம் நூற்றாண்டளவிலே பாடற் சொற்களின்மேல் சிறு குறிகள் இடப்படலாயின. அவற்றை நியூம் என்பர். குரல் ஏறுமிடம், இறங்குமிடம், ஓரசையிற் பல சுரங்கள் சேருமிடம் ஆகியவற்றை அக்குறிகள் காட்டின. ஆனால் எவ்வளவு ஏறவேண்டும், எவ்வளவு இறங்கவேண்டும் என்பதை அவை காட்டவில்லை. ஆகவே அறிந்த பாட்டை நினைவூட்ட அவை பயன்பட்டன. அறியாத பாட்டை அறிவிக்கப் பயன்படவில்லை. ஆசிரியர் வாய்ச்சொல்லே இன்னும் ஏடாக இருந்தது.

இந்நிலையிலேதான் கீதோ என்பார் தோன்றினார். ஏறக்குறைய 991ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இத்தாலியிலே பொம்போசா மடத்தில் துறவியாக வாழ்ந்தார். பாடகர்கள் பத்தாண்டு பயின்றும் தாமாக ஒரு புதிய பாட்டைப் பாட வல்லவராகவில்லையே என்பது இவருடைய பெருங்கவலை. வாழ்நாளிற் பெரும்பகுதி பாட்டை நெட்டுருச் செய்வதிலே கழியுமாயின், கல்விக்கும் தியானத்துக்கும் எஞ்சுவது யாது? இக்கவலையினின்று பிறந்ததே இவருடைய முறை. அம்முறையைக் கண்டு மகிழவேண்டிய தம் மடத்தவர் சிலர் பொறாமை கொண்டனர். கீதோ மடத்தை விட்டு அரெசோ நகர் சென்றார். அந்நகர மேற்றிராணியார் தியோதால்து இவருக்கு ஆதரவளித்துத் தேவாலயப் பாடகரைப் பயிற்றும் பணியை ஒப்படைத்தார். 1026ஆம் ஆண்டளவில் மைக்ரோலோகஸ் என்னும் இசை இலக்கண நூலை இவர் இயற்றி அவருக்கே காணிக்கையாக்கினார்.

கீதோ செய்தவை இரண்டு. ஒன்று கண்ணுக்கு, மற்றது செவிக்கு.

கண்ணுக்குச் செய்தது கோடு. ஓரிரு கோடுகளை இடும் வழக்கம் அவருக்கு முன்னரும் இருந்ததுண்டு. அதனை முறைப்படுத்தியவர் கீதோ. கோடுகளையும் அவற்றின் இடைவெளிகளையும் சுரங்களின் நிலையான இருப்பிடமாக்கினார். எஃப் என்னும் சுரத்துக்குச் சிவப்புக் கோடும், சி என்னும் சுரத்துக்கு மஞ்சட் கோடும் வகுத்தார். இவ்விரண்டையும் தேர்ந்தமை காரணமின்றி அன்று. ஏனைய அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே ஒரு முழுத்தொனி உண்டு. இவ்விரு சுரங்களுக்கும் நேர் கீழே மட்டும் அரைத்தொனியே உண்டு. பாடகன் தவறும் இடமும் பெரும்பாலும் அதுவே. வழுக்கும் படியிலே விளக்கை ஏற்றி வைப்பதுபோல், தவறக்கூடிய இடத்திலே அவர் நிறத்தை வைத்தார். கோட்டின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற எழுத்துகளே காலப்போக்கில் உருத்திரிந்து, இன்று இசைத்தாளின் முகப்பிற் காணப்படும் கிளெவ் என்னும் குறிகளாயின.

செவிக்குச் செய்தது சுரப்பெயர். ஸ்நாபக அருளப்பரைப் போற்றும் இலத்தீன் பாடல் ஒன்றனை அவர் எடுத்துக்கொண்டார். அதன் முதல் ஆறு சொற்றொடர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு சுரம் உயர்ந்து தொடங்குவன. அத்தொடக்க அசைகளே உத், ரே, மி, ஃபா, சொல், லா என்பவை. பாடலை மனத்திற் கொண்ட சிறுவன், எந்தச் சுரத்தைக் கண்டாலும் அச்சுரத்தில் தொடங்கும் சொற்றொடரை நினைத்து அதன் ஒலியைத் தன்னுள்ளே கேட்பான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர், பாடுதற்கு அரிதாயிருந்த உத் என்பதனை தோ என மாற்றினர். ஏழாம் சுரமாகிய சி என்னும் அசை, அப்புனிதரின் இலத்தீன் பெயருக்குரிய முதலெழுத்துகளால் அமைந்தது.

நம் இசை பயின்றவர்க்கு இதனை விளக்குதல் எளிது. சங்கராபரணத்திலே ச முதல் த வரை பாடிப் பாருங்கள். காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே மட்டுமே அரைத்தொனி வரும். அதுவே கீதோவின் மி, ஃபா. பாட்டிலே வேறோரிடத்தில் அரைத்தொனி வரின், உத்தை வேறு சுரத்துக்கு மாற்றி அங்கேயும் மி, ஃபா என்றே அவர் வழியினர் பாடினர். ஆதார ஸட்ஜத்தை எச்சுருதியிலும் வைத்துக்கொள்ளும் நமக்கு இது புதுமையன்று.

பயன் என்ன? மூன்றாம் நாள் வருவதற்கு முன்னரே சிறுவர் சிலர், முன்பு கேளாத பாடல்களைத் தாமே பாடினர் எனத் தம் நண்பராகிய மிக்கேல் துறவிக்கு எழுதிய கடிதத்திலே கீதோ கூறுகின்றார். செய்தி உரோமாபுரிக்கு எட்டியது. பாப்பரசர் 19ஆம் அருளப்பர் அவரை அழைத்து, அவர் எழுதிய பாடற் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தாம் முன்பு கேளாத ஒரு பாடலடியைத் தாமே பாடும்வரை இருக்கையை விட்டு எழவில்லையாம். உரோமாபுரியின் கோடை வெப்பம் உடலுக்கு ஒவ்வாமையால் கீதோ அங்கு நிலைத்து வாழவில்லை. முன்பு அவரை இழந்த பொம்போசா மடத்தின் தலைவரே பின்னர் அவரைத் திரும்பி வருமாறு வேண்டினார்.

கீதோவின் கோடுகள் சுரத்தின் உயரத்தைக் காட்டின, காலத்தைக் காட்டவில்லை. 13ஆம் நூற்றாண்டிற் பிராங்கோ என்னும் கொலோன் நகரத்தார், குறியின் வடிவே அதன் கால அளவைக் காட்டும் முறையை வகுத்தார். 1501இல் வெனிஸ் நகரிலே பெத்ருச்சி என்பார் பலகுரற் பாடல்களை அச்சிற் பதித்தார். மடத்தின் சுவருக்குள்ளிருந்த இசை கடைத்தெருவுக்கு வந்தது.

ஆயினும் ஏழைச் சிறுவர்க்கு ஐந்து கோட்டு முறை கடினமாகவே தோன்றியது. இங்கிலாந்திலே நொரிச் நகரைச் சேர்ந்த சாரா குளோவர் அம்மையார், சுரப்பெயர்களின் முதலெழுத்துகளையே கொண்டு கற்பித்தார். சொல், சி ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் ஓரெழுத்திலே தொடங்குதலால் ஏழாம் சுரத்துக்குத் தீ எனப் பெயரிட்டார். 1841இல், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி சிறந்த கற்பித்தல் முறையைத் தேடத் தொடங்கிய ஜோன் கேர்வென் என்னும் போதகர் அம்முறையை விரித்து, டொனிக் சொல்ஃபா எனப் பரப்பினார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சாடையையும் வகுத்தார். அதனையே 20ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டுக் கொடாய் வழியினர் பாடசாலைகளிற் கையாண்டனர்.

நம்மவர் இத்துறையிற் பின்தங்கியவரல்லர். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையிலே 7ஆம் நூற்றாண்டளவிற் சுரக்கோவைகள் கல்லில் வெட்டப்பெற்றன. எனினும் மேனாட்டுக் கோடு நம் இசையை முற்றும் தாங்குமா என்பது வேறு வினா. 1890களில் சென்னையிலே ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசைக் கிருதிகளை மேனாட்டுக் குறியீட்டிலே வெளியிட்டார். அவர் தூண்டுதல் பெற்ற எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியிலே, சரிகம எழுத்துகளையே கொண்டு, அவற்றின்மேற் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை அமைத்தார். படியேறிச் செல்லும் இசைக்குப் படிபோன்ற கோடு பொருந்தும்; வளைந்தும் அசைந்தும் செல்லும் இசைக்கு வளைவைக் காட்டும் குறி வேண்டும் என்பதே இதனால் நாம் அறிவது.

எழுதாது விட்டதனால் வரும் இழப்பையும் நாம் அறிவோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் பெயர்கள் நமக்குக் கிடைத்தன. சிலப்பதிகார காலத்தார் பாடிய பாட்டின் ஒலி கிடைத்திலது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே கணிதத்தின் துணைகொண்டு பழைய இசையைத் தேடவேண்டியிருந்தமை இதனாலேயாம்.

ஆசிரியராகப் போகின்றவர்களே, குறியீடு இசையாகாது. இசைக்கு வழிகாட்டும் பலகையே அது. ஆதலால் முதலிற் குரலைப் பழக்குங்கள். பின்னர்க் குறியைக் காட்டுங்கள். கீதோவும் அறிந்த பாடல் ஒன்றிலிருந்தே அறியாத பாடலுக்கு அழைத்துச் சென்றார். உங்கள் வகுப்பிலே அந்த அறிந்த பாடல் ஒரு தாலாட்டாயிருக்கலாம்; ஒரு தேவாரமாயிருக்கலாம். தம் துணையின்றியே மாணவன் புதிய பாட்டை நோக்கிப் புறப்படும் நாளை விரும்பி எதிர்பார்ப்பவரே நல்லாசிரியர்.