சட்டாம்பிள்ளையும் ஆசிரியரும்

பட்டம் பெற்றோம், பயிற்சியும் முடித்தோம், வகுப்பறைக்குள் நுழைந்தோம். முதல் வாரத்திலேயே ஒரு சிறுவன் எழுந்து, "ஏன் ஐயா?" என்று கேட்டான். "சொன்னதை எழுது!" என்றோம். அது நம் குரலன்று. சிறு வயதில் நம்மை அடக்கிய அதே குரல்! அதை நம் நாவில் ஏற்றியது எது? வரலாற்றைப் புரட்டுவோம், தோழர்களே!

1789. சென்னை எழும்பூரில் படையினரின் ஆதரவற்ற ஆண் மக்களுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளியிலே சிறுவர் மணலில் எழுதிப் பழகக் கண்டார்; அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. மாணவனையே மாணவர்க்கு ஆசானாக்கினார். 1797-இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றுக் கடல் கடந்து பரவிற்று அது.

காரணம் என்ன? செலவு குறைவு! ஏழைப் பிள்ளைகள் பலர் எழுத்தறிந்தனர், மறுக்கவில்லை நாம். ஆனால், சட்டாம்பிள்ளை எதைக் கற்பிப்பான்? தான் ஒப்பித்ததை! 'ஏன்' என்ற கேள்விக்கு அவனிடம் விடை ஏது?

மறுபுறம் பாருங்கள். 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர் பூலே இணையர். அகமத்நகரிலும் புனேயிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் சாவித்திரிபாய். பழைமை கல்லெறிந்தது, அவர் கற்பித்தார். ஒப்பித்தலா அது? இல்லை, விடுதலை!

1854-இல் உட் அறிக்கை ஆசிரியப் பயிற்சியை வலியுறுத்திற்று. 1856-இல் சென்னையில் பயிற்சிப் பள்ளி பிறந்தது. பின்னர் அதுவே சைதாப்பேட்டைக் கல்லூரியாய் வளர்ந்தது. எனினும் நூறாண்டுக்குப் பின்னும் குறை தீரவில்லை. பயிற்சி நிறுவனங்கள் பள்ளிகளைவிட்டு ஒதுங்கி நிற்கின்றன என்று 1966-இல் கோத்தாரி குழு இடித்துரைத்தது. 2014-ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, இருபது வாரப் பள்ளிப் பயிற்சியையும் கட்டாயமாக்கின.

அந்த வாரங்களில் நாம் செய்ததென்ன? வராத ஆசிரியரின் வகுப்பில் அமைதி காத்தோம். குறிப்பேட்டில் கையொப்பம் வாங்கினோம். நம் பாடத்தை அமர்ந்து கேட்டவரில்லை, பிழையைச் சுட்டியவரில்லை. பட்டம் பெற்ற சட்டாம்பிள்ளைகளானோம்!

பயிற்சி இளைஞனருகே தேர்ந்த ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் அமரட்டும். செலவு மிகும் என்பீரோ? ஆகட்டும்! 'ஏன்' என்று கேட்ட பிள்ளையை அமரவைத்த வகுப்பறையிலிருந்து பகுத்தறிவு பிறக்காது. அந்தச் சிறுவன் இன்னும் நம் விடைக்குக் காத்திருக்கிறான்.